ஓர் உயிரும் கொல்லாமல் விளைந்த தக்காளி

வைத்திலிங்கம் ஓர் உயிரையும் கொல்லமாட்டார். கொல்வதற்குச் சடையப்பன் இருந்தான்.

இப்போது இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அவரே இப்படித்தான் ஆரம்பிக்கிறார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிக்கவும் செய்கிறார். கேட்கிறவர் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தால், “சும்மா சிரிங்க. நான் சிரிச்சு முடிச்சிட்டுத்தான் உங்களுக்குச் சொல்லுறேன்” என்று அனுமதியும் கொடுத்துவிடுகிறார்.

திருவந்திபுரத்துக்கு மேற்கே, கெடிலத்தின் கரையை ஒட்டி அவருக்கு முக்கால் ஏக்கர் கொல்லை. மணலும் வண்டலும் கலந்த மண். தக்காளி, கத்திரி, மிளகாய் எதை வைத்தாலும் வரும். எதை வைத்தாலும் புழுவும் வரும். இரண்டாயிரமாவது வருஷம் அவர் சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே வீட்டிலிருந்து மீன் போனது, முட்டை போனது, வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும் வந்தன. எறும்புப் புற்றுக்கு நொய்யரிசி போட்டார். கொசு கையில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிட்டார். ஊதிவிட்ட கொசு பக்கத்தில் படுத்திருந்த மனைவி அமராவதியின் மேல் போய் உட்கார்ந்து, அங்கே அடிபட்டுச் செத்தது. அது இவர் கொன்றது ஆகாது.

கொல்லையில் மருந்தடிக்கும் அன்று அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். காலை பஸ்ஸில் கடலூருக்குப் போய், மஞ்சக்குப்பத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரில் வரி விளம்பரம்வரை படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அதற்குள் அமராவதியின் தம்பி சடையப்பன் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அத்தனை செடிக்கும் அடித்து முடித்திருப்பான். “வேலை முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்பார். என்ன வேலை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். மருந்தைக் கடையில் வாங்கி வந்தது யார், தண்ணீரில் அளந்து கலக்கியது யார் என்றும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லித் தொலைப்பார்களே என்ற பயம்தான்.

இப்படியே ஒன்பது வருஷம் நிம்மதியாகப் போனது. 2009 ஐப்பசியில் தோட்டக்கலைத் துறையிலிருந்து ஜெயராணி என்று ஓர் அலுவலர் ஊருக்கு வந்தார். குமராட்சிப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். பால் சொசைட்டிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் மகளிர் குழுப் பெண்கள். அமராவதியும் பின்னால் இருந்தாள்.

“தக்காளியைச் சுத்தி வரப்போரமா ஆமணக்கு ஊனுங்க,” என்றார் ஜெயராணி. “இந்த வெட்டுப்புழுவோட தாய்ப்பூச்சி இருக்கு பாருங்க, அதுக்கு ஆமணக்கு இலைன்னா அவ்வளவு ஆசை. பக்கத்துல தக்காளி இருந்தாலும் ஆமணக்குலதான் போயி முட்டை வைக்கும். புழுவும் அங்கதான் இருக்கும். உங்க தக்காளி தப்பிச்சுக்கும். இதைக் கவர்ச்சிப் பயிருன்னு சொல்லுவோம்.”

வைத்திலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புழுவுக்கு ஒரு பந்தி, மனுஷனுக்கு ஒரு பந்தி. அதற்கும் வயிறு நிறையும், நமக்கும் காய் கிடைக்கும், நடுவில் ஒரு சாவும் இல்லை. ஒன்பது வருஷமாக மஞ்சக்குப்பத்துக்கு டிக்கெட் எடுத்தது எவ்வளவு வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இனிமேதான் முக்கியமான விஷயமே இருக்கு,” என்று ஜெயராணி அடுத்ததை ஆரம்பித்தபோது வைத்திலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். “அம்மா மன்னிக்கணும். ரெண்டே வார்த்தை பேசிக்கிறேன்.”

அந்த இரண்டு வார்த்தை இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. ஜீவகாருண்யம் என்றார். அரசாங்கமே கொல்லாமைக்கு வந்துவிட்டது என்றார். புழுவுக்கும் பசி உண்டு, அதற்கும் இலை போட்டுச் சாப்பிடச் சொல்கிற இந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று கும்பிட்டே விட்டார். ஜெயராணி, “ஐயா, நான் இன்னும் முடிக்கல,” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பேசுகிறவர் காதில் அது விழவில்லை. கடைசியில் பெரிய கைதட்டல். பேச்சு முடிந்ததற்குத்தான் தட்டினார்கள் என்று பிற்பாடு சடையப்பன் சொன்னான். கூடவே டீயும் பிஸ்கட்டும் வந்துவிட, ஆண்கள் எல்லோரும் தம்ளரோடு எழுந்து கலைந்தார்கள். வைத்திலிங்கமும் நாலு பேர் புடைசூழ வெளியே போனார். “பொம்பளைங்க நீங்களாவது மீதியைக் கேட்டுட்டுப் போங்க,” என்று ஜெயராணி சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஏதோ மகளிர் குழுக் கடன் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே சங்கக் கூட்டத்தில் ஒரு வாக்குக் கொடுத்தார். தைப்பூசத்துக்கு வடலூரில் சங்கத்தின் சார்பில் போடும் அன்னதானத்துக்குத் தக்காளி முழுக்கத் தன் பொறுப்பு. அதுவும் சாதாரணத் தக்காளி இல்லை. மருந்து படாத, ஓர் உயிரையும் கொல்லாமல் விளைந்த தக்காளி. செயலாளர் திருநாவுக்கரசு கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், எதையும் உடனே சீட்டுக் கிழித்துக் கையில் கொடுத்துப் பழகியவர். ஐந்நூறு நோட்டீஸ் அடித்துவிட்டார். ‘ஓர் உயிரும் கொல்லாமல் விளைவித்த தக்காளி உபயம்: கொல்லா நெறிச் செம்மல் வைத்திலிங்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் செம்மல் யார் கொடுத்த பட்டம் என்று இன்று கேட்டால், “நானே கொடுத்துக்கிட்டதுதான். எழுதிக் கொடுத்தது என் கையெழுத்து,” என்கிறார்.

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் வேறு கவலை இல்லை. தைப்பூசத்தன்று பன்னிரண்டு கூடைத் தக்காளி போய்ச் சேரவேண்டும், அதில் ஓர் உயிரின் பாவமும் இருக்கக்கூடாது. தவறினால் கடலூர் ஜில்லாவில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடமாட முடியாது.

ஆமணக்கு முளைத்தது. கார்த்திகையில் தக்காளி நாற்றை நட்டார்கள். மார்கழியில் பூத்துக் காய் பிடித்தபோது செடியில் ஒரு பொத்தல் இலையைக்கூடக் காணோம். சடையப்பனின் டேங்க் கொட்டகையில் சிலந்திக்கூடு பிடித்துக் கிடந்தது. வைத்திலிங்கம் காலையில் குளித்து, தியானம் முடித்து, எட்டு மணிக்குக் கொல்லையைச் சுற்றி வருவார். அப்போதுதான் அமராவதி கொல்லையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பாள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனதாகச் சொல்வாள். புல்லுக்கட்டு ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியது வேறு. ஆமணக்கில் புழு ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றியது.

“பாவம், அதுங்களுக்கு இந்த ரகம் பிடிக்கலையோ என்னமோ,” என்று அமராவதியிடம் வருத்தப்பட்டார்.

“பிடிச்சாத்தான் வரும்,” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

சில ஆமணக்கு இலைகள் காம்போடு கிள்ளப்பட்டிருப்பதையும் பார்த்தார். பிள்ளை பெற்ற வீட்டுப் பெண்கள் வதக்கிக் கட்டுப்போடப் பறித்துப் போகிறார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். தன் ஆமணக்கு தாய்மார்களுக்கும் உதவுகிறது என்பதில் அவருக்குக் கூடுதல் பெருமை. ஊரில் அந்த மாதம் பிரசவமே நடக்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்க நேரம் இல்லை. நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் சங்கத்துக்காரர்கள் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வரப்பில் நின்று விளக்கினார். “புழுவுக்கும் ரோஷம் இருக்குங்க. அதுக்குன்னு தனியா இலை போட்டுட்டோம்னா நம்ம இலைக்கு வராது. நாம மரியாதை கொடுத்தா அது மரியாதை கொடுக்குது.” வந்தவர்களில் ஒருவர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இன்னும் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தால்தான் வைத்திலிங்கத்துக்கு இப்போதும் கூசுகிறது.

மார்கழி கடைசியில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. மகள் வெண்மதிக்கு இரண்டாவது பிரசவம், நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. அமராவதி கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள். ஏறும்போது, “சடையனைக் காலையில கொல்லைப்பக்கம் வரச் சொல்லியிருக்கேன்,” என்றாள். பெண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல் விடவில்லை. பொங்கலுக்கும் அமராவதி அங்கேயேதான் இருந்தாள்.

அவள் பஸ் ஏறிய மறுநாள் விடியற்காலையில் சடையப்பன் ஒரு வாளியோடு வந்தான். வைத்திலிங்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“என்னடா வாளி?”

“அக்கா வரச் சொல்லுச்சு மாமா.”

“மருந்து கலக்கவா? இந்தக் கொல்லையில மருந்து வாசனையே வரக்கூடாது. தைப்பூசம் முடியிறவரைக்கும் நீ இந்தப் பக்கமே வராதே.”

“மருந்து இல்ல மாமா...” என்று இழுத்தான் சடையப்பன். அப்புறம் தலையைச் சொறிந்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த ‘யாரிடமும்’ என்பதில் முதல் ஆள் மாமாதான். வாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஆமணக்கு இலைகளின் அடியில் பச்சையாகப் பொடிப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. வைத்திலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாங்கப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா,” என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற பெண்ணின் அப்பா மாதிரி வரவேற்றார். ஐந்தாம் நாள் இலைகள் சல்லடை ஆயின. ஏழாம் நாள் நரம்புதான் மிச்சம். புழுக்கள் சுண்டுவிரல் நீளத்துக்கு, கறுப்புப் புள்ளியோடு கொழுத்திருந்தன. நன்றாகச் சாப்பிடுகின்றன என்றுதான் அப்போதும் நினைத்தார். ஒன்பதாம் நாள் வரப்பைச் சுற்றி வெறும் குச்சிகள் நின்றன. பந்தியில் இலை தீர்ந்துவிட்டது, சாப்பிட வந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் அவை வரப்பைத் தாண்டித் தக்காளிக்குள் இறங்கியிருந்தன. முதல் ஐந்து சாலில் இலை இல்லை. பழுக்க ஆரம்பித்த காய்களில் துளை போட்டுத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தன. வைத்திலிங்கம் வரப்பிலேயே உட்கார்ந்தார். தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அவர் அடுத்துச் செய்ததைச் சொல்லும்போதுதான் கேட்பவர்கள் உண்மையிலேயே சிரிப்பார்கள். ஒரு கூடையை எடுத்தார். புழுக்களை ஒவ்வொன்றாக, நசுங்காமல், இரண்டு விரலால் எடுத்துக் கூடையில் போட்டார். நிறைந்ததும் தலையில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றோரப் புதரில் மெதுவாகக் கொட்டினார். திரும்பி வந்து பார்த்தால் அதே சாலில் அதே அளவு புழு இருந்தது. இரண்டாவது கூடை. மூன்றாவது கூடையைக் கொட்டும்போது புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சபாபதியின் குரல் கேட்டது. புதருக்குப் பின்னால் சபாபதியின் கத்திரித் தோட்டம் இருப்பது வைத்திலிங்கத்துக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் மறந்து போயிருந்தது, அல்லது மறக்க வசதியாக இருந்தது.

“யோவ், நீ புண்ணியம் சம்பாதிக்க என் கத்திரிதான் கிடைச்சுதா? உன் கொல்லையில சாவ வேண்டியதை என் கொல்லையில கொண்டாந்து கொட்டுறியே, இது எந்த ஊரு ஜீவகாருண்யம்?”

வைத்திலிங்கம் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சிதம்பரத்துக்குப் போன் செய்தார்.

“அமராவதி, புழு தக்காளியில எறங்கிடுச்சு.”

“சடையன் வரலியா?”

“வந்தான். நான்தான் மருந்து கலக்க வரான்னு விரட்டிட்டேன்.”

“அப்ப பத்து நாளா யாருமே எடுக்கலியா?”

“எதை எடுக்கல?”

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அப்புறம் சொன்னாள். அந்த ஆபீசரம்மா பெண்களிடம் சொன்ன மீதி இதுதான். ஆமணக்குப் புழுவுக்குப் போட்ட சாப்பாடு இல்லை. புழுவை ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு வைத்த பொறி. தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டையும் குஞ்சுப்புழுவும் இருக்கிற இலையைக் காம்போடு கிள்ளி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டுக் கொல்லவேண்டும். ஒரு நாள் விட்டாலும் நாமே புழுவை வளர்த்து விட்டதாக ஆகும். இரண்டு மாதமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? நோட்டீஸ் வேற அடிச்சிட்டீங்க. யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆவணும். இப்பவும் நீங்க செய்யாதீங்க, உங்களுக்கு வேணாம். சடையனைக் கூப்புட்டு விடுங்க. கொட்டாயில வாளி இருக்குது.”

“அப்ப இத்தனை வருஷம் மருந்து வாங்கினது, கலக்கினது...”

“அவனுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டில்ல எத்தினி மில்லின்னு போட்டிருக்குன்னு பாத்து ஊத்தணும்ல. நான்தான்.” உள்ளே குழந்தை அழுதது. “வச்சிடுறேன். வெண்மதி எழுந்துட்டா.”

வைத்திலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் பல தடவை வெட்கப்பட்டதாக அவர் நினைத்திருந்தார். அதெல்லாம் வெட்கமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. புழு குறைவாக இருக்கிறதே என்று அவளிடமே போய் வருத்தப்பட்டது நினைவுக்கு வந்தபோது, ஆள் இல்லாத வீட்டில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சடையப்பன் வந்து கொட்டகையிலிருந்து வாளியை எடுத்தான். வைத்திலிங்கம் கையை நீட்டினார்.

“நீங்க மஞ்சக்குப்பம் போங்க மாமா. நான் பாத்துக்கறேன்,” என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னான். அதுதான் இன்னும் சுருக்கென்றது.

“வாளியைக் குடுடா.”

முதல் புழுவை எடுத்து வாளிக்கு மேல் பிடித்தபோது அது விரலைச் சுற்றி வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு விட்டார். கண்ணை மூடினால் புழு வாளிக்கு வெளியே விழுகிறது என்று தெரிந்தது. கண்ணைத் திறந்துகொண்டு அதை மறுபடி எடுத்துப் போட்டார். அப்புறம் அடுத்தது. துக்கமாகத்தான் இருந்தது. பத்தாவது புழுவுக்குத் துக்கம் குறைந்துவிடும் என்று நினைத்தார், குறையவில்லை. ஒன்பது வருஷமாக அமராவதிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா, அவளிடம் யாராவது கேட்டார்களா என்று யோசித்துக்கொண்டே அந்தச் சால் முழுக்க எடுத்து முடித்தார். அன்றிலிருந்து பத்து நாள், விடிந்ததும் மாமாவும் மச்சானும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினார்கள். சபாபதியின் கத்திரியிலும் போய் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் வரப்பில் நின்று பீடி குடித்தபடி வேடிக்கை பார்த்தான். பன்னிரண்டு கூடை என்று வாக்குக் கொடுத்த இடத்தில் ஐந்து கூடை தேறியது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் வைத்திலிங்கம் திருநாவுக்கரசின் வீட்டுக்குப் போனார். “நோட்டீஸ்ல போட்டது பொய். தக்காளி அஞ்சு கூடைதான். அதுவும் ஆயிரம் ரெண்டாயிரம் உசுரைக் கொன்னு விளைஞ்சது. நான் என் கையால கொன்னேன். வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”

திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வீட்டம்மா வாளியோட போறது ஊருக்கே தெரியுமேய்யா.”

“தெரிஞ்சா ஏன் நோட்டீஸ் அடிச்சீங்க?”

“நோட்டீஸ் அடிக்கும்போது தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. நான் மேற்கொண்டு கேட்டுக்கலை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்கும் ஒரு காணி மிளகாய் இருக்குது வைத்திலிங்கம். என் மருமவன்தான் பாத்துக்கறான். சங்கத்துல பாதிப் பேரு பயிர் வைக்கிறவன். எல்லார் வீட்டுலயும் ஒரு வாளி இருக்குது. யார் கையில இருக்குதுன்னுதான் நாம பாக்கறதில்லை. தக்காளியைக் கொண்டாங்க. பசிக்கிறவன் சாப்பிடட்டும். மைக்குல உங்க பேரை மட்டும் சொல்லலை.”

“சொல்லவே சொல்லாதீங்க,” என்று கும்பிட்டார் வைத்திலிங்கம்.

சிதம்பரத்திலிருந்து அமராவதி திரும்பிவிட்டாள். தைப்பூசத்தன்று விடியுமுன்பே சங்கத்து வேனில் தக்காளிக் கூடைகளோடு எல்லோரும் வடலூர் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து கூடையும் கொதிக்கிற சாம்பாருக்குள் போனது. மீதிக்குச் சந்தையில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த நாக்காலும் முடியாது. ஜோதி தரிசனத்துக்கு நேரம் ஆயிற்று என்று கூட்டம் சபையின் பக்கம் திரும்பியது. வைத்திலிங்கமும் அமராவதியும் நடந்தார்கள்.

வாசலுக்கு இருபதடி தள்ளி அமராவதி நின்றுவிட்டாள். “நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்கறேன்.”

வருஷா வருஷம் அவள் சொல்வது இதுதான். முதல் வருஷம் கூட்டம் பயமாக இருக்கிறது என்றாள். அப்புறம் முழங்கால் வலி என்றாள். அதற்கப்புறம் அவர் காரணம் கேட்பதை விட்டுவிட்டார். இவளுக்குப் பக்தி போதாது என்று தானே முடிவு செய்து, திரும்பும் பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி தாண்டும்வரை அறிவுரை சொல்லிக்கொண்டு வருவார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள்.

கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரவேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. அதை அவர் ஒன்பது வருஷமும் படித்திருக்கிறார், தனக்குக் கொடுத்த நற்சான்றிதழைப் படிக்கிற மாதிரி. அமராவதி எட்டாவது வரை படித்தவள், அவளும் அதைப் படித்திருப்பாள் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

“இதனாலதான் நீ வரதில்லையா?”

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. “மீனைத்தான் உங்களோட சேந்து விட்டுட்டேன். மருந்து கலக்கின கையோட எப்படி வர? சும்மா பேசிட்டிருக்காதீங்க, திரை விலக்கப் போறாங்க. போங்க.”

“இந்த வருஷம் நீ போ. நான் பாத்துக்கறேன்.”

“நல்லா இருக்கே. நான் எப்படிப் போறது?”

“கலக்கினது உன் கை. டேங்க் தூக்கினது சடையன் முதுகு. கொன்னது நான்தான் அமராவதி. இத்தனை வருஷமும் நான்தான். கொன்னவன் வெளியில நிக்கிறேன். நீ போ.” சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வலது பக்கமா போ. அங்க நின்னாத்தான் மறைக்காது.”

அவள் செருப்பைக் கழற்றினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கூட்டத்துக்குள் போனாள். வலது பக்கமாகத்தான் போனாள்.

வைத்திலிங்கம் இரண்டு ஜோடிச் செருப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணலில் குந்தினார். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஜனங்களின் முதுகுகள்தான் தெரிந்தன. வெள்ளை வேட்டியைப் பார்த்து யாரோ ஒரு குடும்பம், “பெரியவரே, இதையும் சேத்துப் பாத்துக்குங்க,” என்று நாலு ஜோடிச் செருப்பை அவர் முன்னால் விட்டது. குடும்பத்தின் தலைவர் ஒரு இரண்டு ரூபாய்க் காசையும் மடியில் போட்டுவிட்டுப் போனார். கொல்லா நெறிச் செம்மல் மறுப்புச் சொல்லாமல் காசை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே திரை விலகியிருக்க வேண்டும், பெரிதாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

அமராவதி வெளியே வந்தபோது முகம் வேர்த்து, கண் சிவந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“தெரிஞ்சுதா?”

“ம்.”

செருப்பு விட்டுப்போன குடும்பம் வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அப்புறம் அன்னதானப் பந்தலைப் பார்த்து நடந்தார்கள். பாதி தூரம் போனதும் அமராவதி சொன்னாள், கோபமாக இல்லை, இப்போதுதான் தோன்றியதைச் சொல்கிற மாதிரி:

“இத்தினி வருஷமும் அந்த ஜோதியைத் தனியாவே பாத்திருக்கீங்க.”